உடைக்கப்பட்ட தராசு



வேலப்பன்சாவடியில் மாலை நேர மதரஸா வகுப்பில், அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் ஸூரத்துல் முதஃப்பிஃபீனுக்கு விளக்கம் சொல்லிக் கொண்டிருந்தோம். அப்போது மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், தராசு சரியாகவே இருக்கிறது. ஆனால் தங்கத்தில் செம்பைக் கலந்துவிட்டால் தராசுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முஸ்லிம் அறிஞர்கள் உழைத்து விடை கண்ட கேள்வி இது.

பத்து கிராம் தங்கமும் பத்து கிராம் செம்பும் தராசில் சமமே. ஆனால் அவை அடைத்துக்கொள்ளும் இடம் சமமன்று. செம்பு இரு மடங்கிற்கும் மேலான இடத்தைப் பிடிக்கும். ஒரு கன சென்டிமீட்டர் தங்கத்தின் நிறை 19.3 கிராம்; வெள்ளி 10.5 கிராம்; செம்பு ஏறத்தாழ 9 கிராம். நிறையைப் பருமனால் வகுத்துக் கிடைப்பதே அடர்த்தி. பருமன் மாறாமல் நிறை கூடினால் அடர்த்தி கூடும். நிறை மாறாமல் பருமன் கூடினால் அடர்த்தி குறையும். ஒரு மோதிரத்தை இரண்டாக வெட்டினால் நிறையும் பருமனும் பாதியாகும்; அடர்த்தியோ மாறாது. எவ்வளவு இருக்கிறது என்பதை நிறை சொல்கிறது. என்ன இருக்கிறது என்பதை அடர்த்தி காட்டிக்கொடுக்கிறது.

நகையின் பருமனை அளவுகோலால் அளக்க இயலாது. பொருள் விலக்கும் நீரைக் கொண்டு அதை அறியலாம் என்ற வழி கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் காலத்திலிருந்து வருவது. அதைத் துல்லியமான அளவீடாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் அபூ ரைஹான் அல்பீரூனீ (973–1048). இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய நூலை நம்மில் பலர் அறிவோம். கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றில் நீர் நிரப்பி, பொருளை உள்ளே இட்டு, குழாய் வழியே வழிந்த நீரை நிறுத்து, உலோகங்களையும் மணிக்கற்களையும் அவர் ஒப்பிட்டார். வெந்நீருக்கும் தண்ணீருக்கும், நன்னீருக்கும் உப்புநீருக்கும் உள்ள வேறுபாட்டையும் கவனித்தார்.

அவருக்குப் பின் வந்த அல்இஸ்ஃபிஸாரீ, கலப்படத்தை வெளிப்படுத்தும் தராசு ஒன்றை நெடுநாள் உழைத்து உருவாக்கினார். தம் மோசடி வெளிப்பட்டுவிடும் என அஞ்சிய சுல்தான் ஸன்ஜரின் கருவூலக் காப்பாளர் அதை உடைத்தெறிந்தார் என்றும், அந்தத் துயரத்திலேயே அறிஞர் நோயுற்று இறந்தார் என்றும் வரலாற்றாசிரியர் அல்பைஹகீ எழுதியுள்ளார்.

தராசு உடைந்தது, அறிவு உடையவில்லை. மர்வு நகரில் அடிமையாக இருந்து விடுதலை பெற்று அறிஞராக உயர்ந்த அல்காஸினீ, அதே சுல்தானின் கருவூலத்திற்காக ஐந்து தட்டுகள் கொண்ட தராசைச் செய்தார். ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121–22) 'மீஸானுல் ஹிக்மா' என்ற நூலையும் எழுதினார். பொருளைக் காற்றில் ஒரு முறையும் நீரில் ஒரு முறையும் நிறுப்பதே அதன் அடிப்படை. 19.3 கிராம் தூய தங்கம் நீருக்குள் ஒரு கிராம் எடை குறைந்து காட்டும். அதே நிறையுள்ள செம்போ இரண்டு கிராமுக்கு மேல் குறைந்து காட்டும். கலந்தவனின் கைவேலை தண்ணீரில் தெரிந்துவிடும்.

நம் நாட்டில் அக்பரின் அரசவையில் அபுல் ஃபஸ்ல் எழுதிய 'ஆயினே அக்பரீ'யிலும் உலோகங்களின் இந்த ஒப்பீடு இடம்பெற்றுள்ளது. இன்று நகைகளில் நாம் காணும் 916 என்ற முத்திரை, ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்று அறிவிக்கிறது. எஞ்சிய 84 பங்கு செம்பு முதலிய உலோகங்களே. நகை உறுதியாக நிற்க அவை வேண்டும். ஆகவே சொல்லிக் கலப்பது குற்றமன்று. மறைத்துக் கலப்பதே குற்றம்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் மறைக்கப்பட்டிருந்ததைக் கண்டு வணிகரைக் கண்டித்தார்கள் நம் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். ஈரத்தை மேலே வைத்திருந்தால் மக்கள் பார்த்திருப்பார்களே என்பதே அன்று அவர்கள் உணர்த்தியது.

கேள்வி கேட்ட அந்த மாணவனிடம் இறுதியில் நாம் சொன்னது இதுதான்: கணக்குச் சரியாக இருப்பவன் தராசைக் கண்டு அஞ்சமாட்டான், அதை உடைக்கவும் மாட்டான். மறுமையில் நாட்டப்படும் மீஸானை எந்தக் கருவூலக் காப்பாளராலும் உடைக்க இயலாது. நம் கொடுக்கல் வாங்கலை அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.