எஞ்சி நிற்கும் குன்றுகள்

கப்பலூரிலிருந்து வடகிழக்கே நோக்கினால் திருப்பரங்குன்றம் தெரியும். வடக்கே நாகமலை தாழ்ந்து நீண்டு கிடக்கும். மற்றபடி எங்கும் சமவெளி. இக்குன்றுகள் இங்கு எவ்வாறு தோன்றின? பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் ஒரு விடை கூறும். மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையும் நாகமும் பசுவும் இறைவனருளால் வீழ்ந்து ஆனைமலை, நாகமலை, பசுமலை எனக் கல்லாய் உறைந்தன என்பது அவ்விடை. அதனை நகைத்து ஒதுக்க எனக்கு மனமில்லை. பூமி உந்தி எழுப்பியவை மலைகள் என்று பள்ளிப் பருவத்தில் நம் மனத்தில் பதிந்த படத்தைவிட, விழுந்து கிடப்பவை என்னும் இக்கற்பனை இக்குன்றுகளைப் பொறுத்தவரை உண்மைக்குச் சற்று அருகில் நிற்கிறது. இவை எழுந்தவை அல்ல. சுற்றியிருந்த நிலம் தேய்ந்து இறங்கிய பின் எஞ்சியவை.

தென்னகப் பாறைகளை ஆராயும் நிலவியலார் ஒரு பெரும் நிலப்பகுதிக்கு 'மதுரைத் தொகுதி' என்றே பெயரிட்டுள்ளனர். இங்குள்ள பாறைகள் பல ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலத்தில், கடும் வெப்பத்தில் வெந்து உருமாறியவை. அன்று அவை நிலத்தின் அடியில் 25 கிலோமீட்டருக்கும் கீழே கிடந்தன. பாறைகளுள் பதிந்துள்ள கார்னெட் முதலிய மணிகள், தாம் உருவான அழுத்தத்தையும் வெப்பத்தையும் தம் சேர்க்கையிலேயே காத்து வைத்திருப்பதால் இதனை அறிய முடிகிறது. அத்துணை ஆழத்தில் இருந்த கல்லின்மீது இன்று நாம் ஏறி நிற்கிறோம் என்றால், அதன் மேலிருந்த அனைத்தும் எங்கே போயின? காற்றும் மழையும் வெயிலும் அரிக்க, ஆறுகள் கடலுக்குச் சுமந்து சென்றன.

ஆனால் அரிப்பு மட்டும் இதனைச் செய்துவிடாது. மேலே தேயத் தேயக் கீழிருந்து பாறை உயர்ந்தாலன்றி 25 கிலோமீட்டர் ஆழத்துக் கல் வெளிப்படாது. இவ்வுயர்வை விளக்கும் கருத்துக்கு வித்திட்டதே இந்திய மண்தான். 1802-இல் சென்னையில் லாம்டன் தொடங்கிய நில அளவைப் பணி வடக்கே இமயத்தை நெருங்கியபோது ஒரு முரண் தோன்றியது. கலியானா, கலியான்பூர் என்னும் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட தொலைவு, வானநோக்கின்படி ஒன்றாகவும் நில அளவையின்படி வேறாகவும் வந்தது. வேறுபாடு 5.236 விகலை, தரையில் அது 160 மீட்டர் அளவு. இமயத்தின் ஈர்ப்புத் தூக்குநூலை இழுத்திருக்கலாம் என்று கல்கத்தாவிலிருந்த பாதிரியார் பிராட் கணக்கிட்டார். விடை ஏறத்தாழ 15.9 விகலை என வந்தது. அத்துணைப் பெரிய மலை ஏன் இத்துணைக் குறைவாக இழுக்கிறது? 1855-இல் ஜார்ஜ் ஏரி விடை தந்தார்: மலைக்கு அடியில், கனம் குறைந்த பாறையாலான ஆழமான வேர் உண்டு, மலை அடர்ந்த அடித்தளத்தின்மேல் மிதக்கிறது.

கப்பலூராருக்கு இதனை விளக்கக் கப்பலைவிட நல்ல உவமை வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய கப்பல் நீரில் ஆழ அமிழும். சரக்கை இறக்க இறக்க மேலெழும். மலையும் அவ்வாறே. 100 மீட்டர் கல் அரித்து நீங்கினால், காலப்போக்கில் ஏறத்தாழ 80 மீட்டர் அளவு அடியிலிருந்து உயர்ந்துவிடும். ஆகவே அரிப்பு மலையின் பகையாக இருந்துகொண்டே அதனை உயர்த்தவும் செய்கிறது. நம் வட்டத்துக் கவியரங்குகளில் 'அசையாத மலை' என்னும் தொடரைப் பலமுறை கேட்டிருக்கிறோம். யானும் எழுதியிருக்கிறேன், இனி எழுதக் கை கூசும்.

சுமை நீங்கிய பாறை விரியும். விரியும்போது வெங்காயத்தோல்போல் அடுக்கடுக்காகப் பிளந்து உரியும். இவ்வாறு உரிந்து ஏடுகள் விழுந்த இடங்களில் பாறை முன்னே கவிந்து, கீழே இயற்கைக் குகைத்தளங்கள் அமைகின்றன. சமணர் போற்றிய எண்பெருங்குன்றங்களுள் ஆனைமலையும் பரங்குன்றமும் அடங்கும். துறவியர்க்கு அங்கே உறையுள் தந்தது அரசர் கொடை மட்டுமன்று, இவ்வரிப்பும்தான். குகை நெற்றியில் புருவம்போல் ஒரு காடி வெட்டி, மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டச் செய்தனர். மலை கரைவதற்கு எதிராக மனிதர் செய்த மிகச் சிறிய ஏற்பாடு அது. எளிமையான அந்தக் காடியைக் காணும்போதெல்லாம் எனக்குக் கல்வெட்டைக் காட்டிலும் வியப்பு மிகும்.

மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்தார். நெடுஞ்செழியன் பெயர் தாங்கிய அவ்வெழுத்துகள் 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை, இன்றும் படிக்கலாம். காரணம் எளிது. மண் மூடாத இத்தகைய வெற்றுப் பாறை, 10 இலட்சம் ஆண்டுகளில் சில மீட்டரே தேயும். அக்கணக்கில் 2,000 ஆண்டுகளுக்குத் திறந்த வெளியில் தேய்வது சில மில்லிமீட்டர். கவிந்த பாறையின் நிழலில் அதனினும் குறைவு. மண் படிந்த இடத்தில் ஈரம் தங்கிக் கல்லை உளுக்கச் செய்யும். அதனால் சமவெளி விரைந்து இறங்கிற்று, வெறுங்கல் நின்றது. தன்மேல் மண்ணைத் தங்கவிடாத வழுக்கே ஆனைமலையைக் காத்தது.

மேலூர் வட்டாரத்துக் கல்குவாரிகளில் வைரக் கம்பி கொண்டு பாறையைப் பாளமாக அறுத்து வந்தனர். ஒரு மீட்டர் கனமுள்ள பாளத்தை மழை கரைக்க 2 முதல் 5 இலட்சம் ஆண்டுகள் செல்லும். அறுவைக்கு நாள்கணக்கே போதும். அவ்வாறு வெட்டிய குன்றின் அடியிலிருந்து நம் காலத்தில் வேறு குன்று உயர்ந்து வராது; கப்பல் மேலெழும் வேகம் அதுவன்று. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அத்தலத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டித் தொகுதி, 2,015 எக்டேர் பரப்பு, டங்ஸ்டன் சுரங்கத்திற்காக ஏலம் போயிற்று. ஊரார் திரண்டனர், டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 சனவரியில் நடுவணரசு ஏலத்தை நீக்கியது. அரிட்டாபட்டிக் குகைத்தளத்திலும் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. மழை நாளில் சென்றால், அவற்றின் முன்னே காடியிலிருந்து நீர் சொட்டுவதைக் காணலாம்.