கனியும் காரணமும்

திருக்கோயில்களில் நிகழும் பெருவிழாக்களிலே மலரும் நீரும் போலவே கனியும் தனக்கென ஓரிடம் பெற்றுள்ளது. கனிகளுள்ளும் எலுமிச்சைக்கு நாம் தரும் இடம் தனி. அம்மை சந்நிதியில் அது மாலையாகின்றது. அடியார் கையில் பிரசாதமாகின்றது. தேரோடும் வீதியிலே தண்ணீர்ப்பந்தலில் வெல்லமும் சுக்கும் ஏலமும் கூடிய பானகத்தில் சாறாகக் கலக்கின்றது. இல்லத்தில் உப்போடு கூடி ஊறுகாயாகி ஆண்டு முழுவதும் நிற்கின்றது. இக்கனியைப் போற்றிய முன்னோர் அதன் பயனை அறிந்தே போற்றினர் என்று நாம் பெருமை பேசுகின்றோம். அப்பெருமை தக்கதே. ஆயின் ஒரு பொருளின் பயனை அறிதல் வேறு. அப்பயன் எதனால் விளைகின்றது என்பதை அறிதல் வேறு. முன்னதை மட்டும் கைக்கொண்டு பின்னதை விட்டவர், நாளடைவில் முன்னதையும் இழப்பர். இவ்வுண்மைக்கு எலுமிச்சையின் வரலாற்றினும் தெளிவான சான்று காண்டல் அரிது. அதனை இவ்விழா நாளில் சிறிது சிந்திப்போம்.

எலுமிச்சையும் நாரத்தையும் ஆரஞ்சும் ஒரு குடும்பத்தவை. அக்குடும்பத்தின் பிறப்பிடம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம். அசாமும் வட பர்மாவும் மேற்கு யூனானும் சூழ்ந்த அப்பகுதியிலிருந்தே இவ்வினங்கள் பரவின என்பதை 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு வலியுறுத்துகின்றது. அங்கிருந்து அவை தெற்கே நம் நாட்டிற்கும், மேற்கே பாரசீகம், அரபு நாடுகள் வழியாக மத்தியதரைக் கடற்கரைக்கும் சென்றன. ஆரஞ்சு என்னும் சொல்லே அவ்வழியைக் காட்டும். வடமொழியில் நாரங்கம் என்பது பாரசீகத்தில் நாரங்க் ஆகி, ஸ்பானிய மொழியில் நாரஞ்சா ஆயிற்று. அதன் மூலம் நம் நாரத்தையோடு உறவுடைய திராவிடச் சொல்லே என அறிஞர் பலர் கருதுவர். கொலம்பஸ் 1493இல் தமது இரண்டாம் பயணத்தின்போது இவ்வினத்தின் விதைகளை அமெரிக்கத் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். இங்ஙனம் நம் கிழக்கு மலைச்சாரலில் தோன்றிய கனி உலகைச் சூழ்ந்தது.

கனி உலகைச் சூழ்ந்த அக்காலத்திலேயே கப்பல்களும் உலகைச் சூழத் தொடங்கின. நெடுநாள் கடலில் இருந்த மாலுமிகளை ஒரு கொடுநோய் பற்றியது. ஈறு வீங்கிக் குருதி கசியும்; பல் ஆடி விழும்; பழைய புண்கள் மீண்டும் திறக்கும்; கால் கருத்து வீங்கும்; இறுதியில் உயிர் பிரியும். ஸ்கர்வி என்பது இந்நோயின் பெயர். 1498இல் கள்ளிக்கோட்டையை அடைந்த வாஸ்கோ ட காமா, திரும்பும் வழியில் அரபிக்கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று திங்கள் ஆயின. அவ்வொரு கடப்பிலேயே முப்பதுபேர் இந்நோயால் மாண்டனர். 1499 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கரையில் மலிந்தியை அடைந்தபோது நோயாளிகள் மிக விரும்பி வேண்டியது ஆரஞ்சுப் பழத்தையே. தமக்கு வேண்டிய மருந்து எதுவென்று அவ்வெளிய மாலுமிகளுக்கு அன்றே ஒருவாறு தெரிந்திருந்தது.

1601இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதற்பயணத்தைத் தலைமை தாங்கி நடத்தியவர் ஜேம்ஸ் லங்காஸ்டர். அவருடைய கப்பல்கள் நான்கு. தம் கப்பலில் மட்டும் நாள்தோறும் காலையில் ஆளுக்கு மூன்று கரண்டி எலுமிச்சைச் சாறு கொடுத்து வந்தார். அக்கப்பலார் நலமாயிருந்தனர், ஏனைய மூன்று கப்பல்களிலும் பாய்மரத்தை இழுக்கவும் ஆளின்றி நோய் பரவிற்று. கண்முன் நிகழ்ந்த இச்சான்று போதாதோ? போதவில்லை. மாலுமிகளிடையே அவ்வறிவு அழியாதிருந்தும் அரசின் ஆணையாக அது நிலைபெறவில்லை. 1740இல் புறப்பட்ட ஆன்சன் என்பாரின் கடற்படைப் பயணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது பகைவரின் பீரங்கி அன்று, இந்நோயே.

இதன்பின் வந்தவர் ஜேம்ஸ் லிண்ட் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர். 1747 மே திங்களில் சாலிஸ்பரி என்னும் போர்க்கப்பலில் நோயாளிகள் பன்னிருவரைத் தேர்ந்து, இருவர் இருவராக ஆறு கூறாக்கினார். அனைவர்க்கும் உணவு ஒன்றே. மருந்து மட்டும் வெவ்வேறு. ஒரு கூற்றுக்கு ஆப்பிள் மது, ஒன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம், ஒன்றுக்குக் காடி, ஒன்றுக்குக் கடல்நீர், ஒன்றுக்குப் பூண்டும் கடுகும் முதலியன அரைத்த களிம்பு; ஒன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். ஆறே நாளில் பழம் தீர்ந்தது. அதற்குள் பழம் உண்ட இருவருள் ஒருவர் வேலைக்குத் தகுதியாயினார்; மற்றவர் ஏனைய நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் அளவு தேறினார். மருந்தை மருந்தோடு ஒப்பிட்டு நோக்கிய மிகப் பழைய சோதனைகளுள் இஃது ஒன்று என மருத்துவ வரலாற்றார் போற்றுவர்.

எனினும் லிண்டுக்கும் காரணம் தெரியவில்லை. ஈரக்காற்றால் வியர்வை தடைப்படுவதே நோயின் மூலம் என அவர் எண்ணினார். ஆதலின் பழச்சாற்றை நெடுநாள் காக்கும்பொருட்டு அதனைச் சூடாக்கிக் குறுக்கிப் பாகாக்கும் முறையைத் தம் 1753ஆம் ஆண்டு நூலில் பரிந்துரைத்தார். அக்காய்ச்சலிலேயே மருந்தின் ஆற்றல் பெரும்பகுதி அழிந்தது. தாமே கண்டுபிடித்த உண்மையைத் தம் கையாலேயே தளரச் செய்தார் அப்பெரியார்! கில்பர்ட் பிளேன் முதலிய மருத்துவர்தம் முயற்சியால் 1795இல்தான் ஆங்கிலக் கடற்படையில் எலுமிச்சைச் சாறு முறையாக வழங்கப்பெற்றது. லிண்டின் சோதனைக்குப்பின் நாற்பத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. சாறு வந்தது, சில ஆண்டுகளில் அக்கடற்படையில் நோய் ஏறக்குறைய மறைந்தது.

கதை இங்கு முடிந்திருந்தால் நாம் இதனைக் கூறவேண்டுவதில்லை. 1860களில் கடற்படையார் மத்தியதரைக் கடற்பகுதியின் பெரிய எலுமிச்சையை விட்டு, மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த சிறு எலுமிச்சைக்கு மாறினர். இரண்டும் புளிக்கும், புளிப்பே மருந்து என அவர்கள் நம்பினர். சிறுகனி பின்னும் மிகப் புளிப்பது. ஆதலின் மேலானது என்றே கொண்டனர். ஆயின் நோயைத் தடுக்கும் பொருள் அதில் குறைவு. அச்சாறும் நெடுநாள் கலங்களில் அடைபட்டுக் கிடந்து உள்ள ஆற்றலையும் இழந்தது. 1875இல் நேர்ஸ் தலைமையில் வடதுருவம் நோக்கிச் சென்ற கப்பல்களில் நாள்தோறும் இச்சாறு வழங்கப்பெற்றும், பனிமேல் பயணம் சென்ற குழுக்களில் ஸ்கர்வி கடுமையாகத் தோன்றிற்று. உடனே பலர் எலுமிச்சையின் மீதே ஐயுற்றனர். கெட்ட இறைச்சியின் நஞ்சே நோய்க்குக் காரணம் என மருத்துவரும் உரைக்கலாயினர். நூறாண்டுக்குமுன் கையிலிருந்த உண்மை கைநழுவிப் போயிற்று.

அதனை மீட்டவை பொறுமையான ஆய்வுகளே. 1907இல் நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் என்னும் இருவர் கினிப்பன்றிகளில் இந்நோயைத் தோற்றுவித்துக் காட்டினர். 1918இல் லண்டனில் ஹாரியட் சிக்கும் அவர்தம் துணைவரும் இருவகைச் சாற்றையும் அளந்து ஒப்பிட்டுச் சிறுகனியின் புதுச்சாறு பெருங்கனிச் சாற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆற்றலே உடையது எனக் கண்டனர். ஹங்கேரி நாட்டு ஆல்பர்ட் சென்ட்-கியார்கி 1928இல் பிரித்தெடுத்த பொருளே வைட்டமின் சி என்பது 1932இல் தெளிவாயிற்று; 1937இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலத்தை ஷீலே 1784இலேயே எலுமிச்சையிலிருந்து பிரித்திருந்தார். ஸ்கர்வியைத் தீர்ப்பது அப்புளிப்பன்று. அதனோடு உடனுறைந்த வேறொன்று என்பது அறியப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று!

அன்பர்களே, நம் கோயில்களில் மாலையாகும் கனி மேற்கூறிய சிறுவகையைச் சார்ந்ததே. அதனால் அதற்கு இழுக்கு இல்லை. புதிதாகப் பிழிந்து காய்ச்சாது உண்டால் அதிலும் அச்சத்து உண்டு. அதன் புளிப்புக்கோ வேறொரு பணி இருக்கின்றது. காலரா என்னும் வாந்திபேதியை விளைக்கும் நுண்ணுயிரை ராபர்ட் காக் 1883இல் எகிப்திலும் 1884இல் கல்கத்தாவிலும் ஆய்ந்து கண்டார். அவ்வுயிர் புளிப்பைப் பொறாது. 1990களில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் நாட்டில் இந்நோய் பரவியபோது, சோற்றோடு உண்ணும் குழம்பில் எலுமிச்சைச் சாறு சேர்த்தோரிடையே நோய் குறைந்திருந்தது. ஆய்வகத்திலும், சாறு கலந்த சோற்றில் அந்நுண்ணுயிர் பெருகாது அழிவதைக் கண்டனர். உப்பும் புளிப்பும் கூடிய ஊறுகாய் கெடாது நிற்பதற்கும் காரணம் இதுவே. அவ்விரண்டும் மிக்க இடத்தில் நுண்ணுயிர்கள் வளரமாட்டா.

இங்கேதான் அளவு என்பது உயிர்நிலையாகின்றது. சோற்றில் பிழிந்த சாறு வேறு. ஓர் அண்டா நீரில் இட்ட நான்கு பழத்தின் சாறு வேறு. நீர் மிகுந்தால் புளிப்பு தளரும். புளிப்பு தளர்ந்தால் நுண்ணுயிர் பிழைக்கும். பானகத்தில் எலுமிச்சை இருக்கிறதே என்று கருதிக் கிணற்று நீரை அப்படியே கலப்பது கடற்படையார் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும். பெயர் இருக்கும், பயன் இராது. முற்காலத்தில் பெருந்திருவிழாக்களைத் தொடர்ந்து வாந்திபேதி வந்த துயரத்தை நம் முதியோர் மறந்திலர். ஆதலின் தண்ணீர்ப்பந்தல் அறம் செய்யும் அன்பர்கள் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, பின்னரே வெல்லமும் சாறும் சேர்த்தல் வேண்டும். கொதித்த நீர் நோயைக் காக்கும். ஆறியபின் சேர்த்த சாறு தன் சத்தை இழவாது. காரணம் அறிந்தார்க்கு இரண்டும் கைகூடும்.

எலுமிச்சைக்கு உரைத்தது ஏனைய மூலிகைகளுக்கும் பொருந்தும். புள்ளிருக்குவேளூரில் இறைவன் வைத்தியநாதன். அங்குத் தலமரம் வேம்பு. திருவான்மியூரில் அவன் மருந்தீசன். அங்குத் தலமரம் வன்னி. வேம்பின் எண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களை 1942இல் சலீமுஸ்ஸமான் சித்திகி பிரித்தெடுத்தார். மஞ்சளின் குர்க்குமின் ஆய்வகத்தட்டில் நுண்ணுயிர்களை ஒடுக்குகின்றது. ஆயின் உண்ட மஞ்சளிலிருந்து குருதியில் சேர்வது மிகச் சிறிதே. ஆகவே மேற்புண்ணுக்கு இட்ட வழக்கத்தைக் கொண்டு உள்நோய் அனைத்திற்கும் அதுவே போதும் என்று மருத்துவரை ஒதுக்குதல் பேதைமை.

இவ்வறிவைப் பதிந்து காத்தலும் நம் மரபே. காஞ்சிக்கு அணித்தாய், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அது, கோயிலைச் சார்ந்து நடந்த வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையைக் கூறுகின்றது. பதினைந்து கிடக்கைகள், மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், பணிமகளிர் இருவர், இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு. கடுக்காய் சேர்ந்தனவும் வில்வம் சேர்ந்ததுமாக ஏறத்தாழ இருபது மருந்துகளின் பெயரையும், ஓராண்டுக்கு வேண்டும் அளவையும் அக்கல் குறிக்கின்றது. நம்பிக்கையோடு கணக்கையும் வைத்தனர் நம் பெரியோர்.

பதிவு இல்லாவிடத்து என் நேரும் என்பதையும் நம் காலம் கண்டது. 1995இல் அமெரிக்காவில், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு இருவர் காப்புரிமை பெற்றனர். நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் அதனை எதிர்த்து, பழைய நூல்களையும் 1953இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரையையும் சான்றாகக் காட்டியபின் 1997இல் அவ்வுரிமை நீக்கப்பெற்றது. வேம்பின் எண்ணெய்க்கு ஐரோப்பாவில் 1994இல் தந்த காப்புரிமை 2000இல் நீக்கப்பெற்று, 2005இல் அந்நீக்கம் உறுதியாயிற்று. பாட்டி சொன்னாள் என்பது மஞ்சள் வழக்கில் சான்றாகவில்லை. எழுதிய ஏடே சான்றாயிற்று. இதனையுணர்ந்தே 2001 முதல் சித்த மருத்துவம் உள்ளிட்ட நம் மரபறிவைத் தொகுக்கும் மின்னூலகம் ஒன்றை நடுவண் அரசு அமைத்து வருகின்றது.

ஆகவே அன்பர்களே, சந்நிதியில் பெற்ற எலுமிச்சையை இல்லம் கொண்டு செல்லும்போது அதனோடு ஒரு கடமையையும் கொண்டு செல்வோம். நம் இல்லத்து முதியோர் அறிந்த மூலிகை வழக்கங்களை, எந்நோய்க்கு, எவ்வளவு, எம்முறையில் என்று கேட்டு ஏட்டில் எழுதிவைப்போம். எழுதியதை அறிந்த மருத்துவரிடம் காட்டித் தெளிவோம். நம் பிள்ளைகள் ஏன் என்று வினவினால் சினவாது, அறிந்த காரணத்தைக் கூறுவோம். அறியாததைத் தேடச் சொல்வோம். வைத்தியநாதப் பெருமான் கனியைப் படைத்தருளியதோடு, அதன் காரணத்தை ஆராயும் அறிவையும் நமக்கு ஈந்தருளினான். இரண்டையும் அவன் பிரசாதமாக ஏற்றுப் போற்றுவோமாக.