போட்டிக் கைத்துப்பாக்கிக்கு ரெட் டாட் சைட்: உலு யாம் வட்டாரத்துச் சூழலில் ஒரு தேர்வுமுறை

1. ஆய்வின் எல்லை

மலேசியாவின் வட சிலாங்கூரில் துப்பாக்கிப் பேச்சை எடுத்தால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். காரணம் உண்டு. 1948 டிசம்பரில் உலு யாமை அடுத்த பத்தாங் காலியில் நிராயுதபாணிகளான 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக்கொன்றனர். 1951 அக்டோபர் 6 அன்று, கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் பாதையில், பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி மறைந்திருந்தவர்களின் தாக்குதலில் இறந்தார். இவை நடந்த மலாயா அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. அதே ஆண்டில் ஆயுதச் சட்டம் வந்தது. 1971இல் தண்டனைகளைக் கடுமையாக்கிய இன்னொரு சட்டமும் சேர்ந்தது. தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும், போட்டிக்கு வாங்கும் பிஸ்டலுக்கும் இன்றுவரை அந்த 1960 ஆயுதச் சட்டம்தான் அளவுகோல்.

இதை இங்கே சொல்வதற்கு நோக்கம் இருக்கிறது. இந்தியாவில் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலை, அதன் ஆற்றல் 20 ஜூலுக்குக் கீழே இருந்தால், லைசென்ஸ் இல்லாமல் வாங்கி வீட்டு மாடியில் பழகலாம். மலேசியச் சட்டத்தில் ஏர் பிஸ்டலும் ஆயுதமே. பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட்கூடப் போலித் துப்பாக்கிக் கணக்கில் போய்விடும். ஆகவே உலு யாமிலோ செரண்டாவிலோ இருந்துகொண்டு இந்த விளையாட்டுக்கு வருபவருக்குத் தோட்டா குறைவு, சுடுதள நேரம் குறைவு, தூரமும் அதிகம். சைட் விமர்சனங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்படுகின்றன. அங்கே ஒரு வார இறுதியில் நூற்றுக்கணக்கில் சுடுபவர்களுக்கு வேகம்தான் முதல் கேள்வி. நமக்கு முதல் கேள்வி வேறு: ஒருமுறை சீரோ செய்த (புள்ளியும் தோட்டா விழும் இடமும் பொருந்தும்படி திருத்திய) சைட் எத்தனை காலம் அப்படியே நிற்கும்? இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

2. விதிப்புத்தகம் முதலில்

2022இல் திருச்சியில் நடந்த தமிழ்நாடு மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் பதக்கங்கள் வென்ற பிறகு, பிஸ்டல் சுடுதலைப் பற்றி விசாரிக்கும் தமிழ் இளைஞர்கள் நம் பக்கமும் பெருகினார்கள். அவர்களுக்கு முதலில் சொல்லவேண்டியது இது: அந்த வகைப் போட்டிகளில் ரெட் டாட்டுக்கு இடமே இல்லை. ஒலிம்பிக்கை ஒட்டிய ஐஎஸ்எஸ்எஃப் விதிகளின்படி 10, 25, 50 மீட்டர் பிஸ்டல் பிரிவுகளில் திறந்த இரும்பு சைட் மட்டுமே அனுமதி. சுபாங் தேசியச் சுடுதளத்தில் 2017 சீ விளையாட்டின் பிஸ்டல் போட்டிகளும் அந்த ஒழுங்கில்தான் நடந்தன.

ரெட் டாட்டின் வீடு ஐபிஎஸ்சி போன்ற செயல்முறைச் சுடுதல். 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கூடியவர்கள் அந்த அமைப்பைத் தொடங்கினார்கள். 1990இல் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியில் டக் கோனிக் ரெட் டாட்டுடன் வென்றார்; அதற்குப் பிறகு ஓப்பன் பிரிவில் இரும்பு சைட்டோடு வருபவரைக் காண்பது அரிதாகிவிட்டது. 2008இல் பாலியிலும், பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2022இல் பட்டாயாவிலும் உலகப் போட்டி நடந்ததால் இது நம் பகுதிக்குத் தெரியாத விளையாட்டு என்று யாரும் சொல்ல முடியாது.

பிரிவுதான் சைட்டைத் தீர்மானிக்கிறது. ஓப்பனில் சைட்டைத் துப்பாக்கியின் சட்டத்தில் (பிரேமில்) தனித் தாங்கி போட்டுப் பொருத்தலாம். புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸில் அது, சுடும்போது பின்னே பாயும் மேற்பாகமான ஸ்லைடின் மேல்தான் உட்கார வேண்டும். எந்தப் பிரிவில் சுடப்போகிறோம் என்று முடிவெடுக்காமல் சைட் வாங்குவது பணத்தைத் தண்ணீரில் விடுவதுதான். கடைக்காரர் இதைக் கேட்க மாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும்.

3. ஒளி என்ன செய்கிறது

சைட்டின் பின்புறம் கீழே ஒரு மிகச் சிறிய எல்இடி. அதன் ஒளி முன்னால் உள்ள, சற்றே வளைந்த கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. கண்ணாடியின் பூச்சு சிவப்பைத் திருப்பியனுப்பும், மற்ற நிறங்களை உள்ளே விடும். இலக்கு கொஞ்சம் நீலம் கலந்தாற்போல் தெரிவது இதனால்தான். எல்இடி அந்த வளைவின் குவியத்தில் இருப்பதால் திரும்பும் கதிர்கள் இணையாக வெளியேறுகின்றன. கண்ணுக்கு அந்தப் புள்ளி வெகுதூரத்தில் நிற்பது போலத் தோன்றும். புள்ளி ஜன்னலின் ஓரத்தில் தெரிந்தாலும் பிழை சிறிதுதான், கண்ணாடியின் பாதி அகலத்தைத் தாண்டாது.

இரும்பு சைட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 17 செ.மீ. இருந்து, முன் சைட் 1 மி.மீ. விலகினால் 25 மீட்டரில் தோட்டா ஏறக்குறைய 147 மி.மீ. தள்ளி விழும். ரெட் டாட்டில் இரண்டு சைட்டுகளை ஒரே கோட்டில் கொண்டுவரும் வேலை இல்லை. ஆனால் கையின் நடுக்கம் குறைவதில்லை. அது கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது, அவ்வளவே. புள்ளி ஆடுவதைப் பார்த்துப் பதறி, அது நடுவுக்கு வரும் கணத்தில் விசையைப் பிடுங்குபவர்களே அதிகம். தரமான சைட்டுக்கு மாறினாலும் தீராத தவறு இது.

4. கண்

நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு ரெட் டாட் வரப்பிரசாதம். கை நீளத்தில் உள்ள முன் சைட் மங்கினாலும் தூரத்து இலக்கு தெளிவாகத் தெரியும். புள்ளியும் அந்தத் தூரத்திலேயே தெரிகிறது. தூரப் பார்வைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரு கண்களையும் திறந்தே சுடலாம்.

அஸ்டிக்மாட்டிசம் உள்ளவருக்கு மட்டும் சிக்கல். புள்ளி அவருக்கு வால் முளைத்த கமாவாகவோ, சிதறிய நட்சத்திரமாகவோ தெரியும். பொருள் பழுது என்று கடையில் சண்டை போடுமுன் இரண்டு சோதனைகள். கைப்பேசிக் கேமராவைச் சைட்டின் பின்னால் பிடித்துப் படமெடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் சைட் நன்றாகவே இருக்கிறது. அடுத்து, துப்பாக்கியோடு பொருத்தாத சைட்டைக் கையில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். சிதறல் அதோடு சுழலாமல் நின்ற இடத்திலேயே நின்றால் குறை கண்ணில். வெளிச்சத்தைக் குறைத்தாலே பலருக்குச் சிதறல் பாதி அடங்கும்.

5. புள்ளியின் அளவு

புள்ளியை எம்ஓஏ கணக்கில் சொல்வார்கள். ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 25 மீட்டரில் 7.3 மி.மீ. ஆக 2 எம்ஓஏ புள்ளி அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 1.5 செ.மீ., 6 எம்ஓஏ புள்ளி 4.4 செ.மீ. மறைக்கும். 25 மீட்டர் துல்லிய இலக்கின் பத்துப் புள்ளி வளையமே 5 செ.மீ.தான், அதை 6 எம்ஓஏ ஏறக்குறைய விழுங்கிவிடும். ஆனால் ஐபிஎஸ்சியில் நாம் 5 முதல் 15 மீட்டருக்குள் 20 செ.மீ. இரும்புத் தட்டுகளையும் இலக்கில் அதிகப் புள்ளி தரும் 15 செ.மீ. அகல ஏ மண்டலத்தையும் தேடுகிறோம். 15 மீட்டரில் 6 எம்ஓஏ 2.6 செ.மீ.க்குமேல் மறைக்காது. எனவே வேகப் போட்டிக்கு 5 அல்லது 6. சிறிய புள்ளியை வாங்கி வெளிச்சத்தை ஏற்றிப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்ற யோசனை எனக்கு உடன்பாடில்லை. ஒளி கூடும்போது புள்ளியின் ஓரம் கலங்கிவிடுகிறது.

6. பொருத்துமிடம்

சீரோ நிலைப்பதும் கெடுவதும் இங்கேதான். ஸ்லைடின் மேல் உட்காரும் சைட் ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னே பாய்ந்து, சட்டென நின்று, முன்னே ஓடி மறுபடி மோதி நிற்கிறது. அந்த அதிர்ச்சியை முழுவதும் தாங்குவது இரண்டு சிறு திருகுகளும் அடியில் உள்ள சில முளைகளும்தான். சட்டத்தில் பொருத்திய ஓப்பன் சைட்டுக்கு அந்த ஓட்டம் இல்லை. புள்ளி ஜன்னலை விட்டுத் தாவாது. ஆனால் உயரமும் எடையும் கூடும்.

ஸ்லைடுக்கு வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியது கால்தடம், அதாவது சைட்டின் அடித்துளை அமைப்பு. டிரிஜிகானின் ஆர்எம்ஆர் 2009இல் வந்து பரவியபின் பல நிறுவனங்கள் அதே துளை அமைப்பைப் பின்பற்றுகின்றன. லியூபோல்டின் டெல்டாபாயிண்ட் புரோவுக்கு வேறு அமைப்பு, ஜெர்மன் டாக்டர் வகைக்கு இன்னொன்று, ஏய்ம்பாயிண்டின் ஏக்ரோவுக்கு மற்றொன்று. பொருந்தாத சைட்டுக்கு இடையே ஒரு தகடு வைப்பார்கள். தகடு என்றால் இன்னும் இரண்டு திருகு, இன்னும் ஒரு தளரும் இடம். துப்பாக்கியின் வெட்டுக்கு நேராக உட்காரும் சைட் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுப்பேன்.

திருகு விஷயத்தில் மூன்று கவனம். ஒன்று, நீளம்: மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலே சில துப்பாக்கிகளில் அது உள்ளே இறங்கி, வெற்றுக் கூட்டை இழுக்கும் பாகத்தை உரசும், தோட்டாக்கூடு சிக்கிக்கொள்ளும். இரண்டு, முறுக்கம்: நிறுவனம் சொல்லும் அளவுக்கு முறுக்களவுக் கருவியால் முறுக்க வேண்டும், கை மதிப்புக்கு முறுக்கினால் திருகு அறுந்து தலை கையோடு வரும். மூன்று, எண்ணெய்: துளையிலும் திருகிலும் துப்பாக்கி எண்ணெய் இருந்தால் நீலப் பூட்டுப் பசை சரியாகப் பிடிக்காமல் போகலாம். ஆல்கஹால் போட்டுத் துடைத்து, ஊதி, காயவிட்டுத்தான் பசை. முடித்தபின் திருகுத் தலையையும் சைட் உடலையும் இணைத்து வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு முறிந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. சுட்டுப் பார்த்து ஐந்தாறு தோட்டாவை வீணடிக்காமலே தெரிந்துவிடும்.

அமெரிக்கத் தயாரிப்புக்கு இன்னொரு தடை உண்டு. துப்பாக்கி சைட்டுகள் அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. இணையத்தில் காசைக் கட்டிவிட்டுச் சுங்கத்தில் நிற்பதைவிட, லைசென்ஸ் பெற்ற கடை வழியாக ஆர்டர் கொடுத்து, போலீஸ் லைசென்ஸ் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

7. ஈரம்

அமெரிக்க விமர்சனங்களில் இந்தப் பகுதி பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடும். தித்திவாங்சா மலையடிவாரத்தில் அப்படி முடியாது. காலை பத்து மணிக்கு வெளியே 31 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 27 டிகிரி. ஏர்கான் காரில் 22 டிகிரிக்குக் குளிர்ந்த சைட்டைச் சுடுதளத்தில் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் காற்றிலுள்ள நீர் கண்ணாடியில் படியும். ஜன்னல் வெள்ளையாகிவிடும், துடைத்தால் மறுபடி படியும், கண்ணாடி 27 டிகிரியைத் தாண்டும்வரை. துணியால் அழுத்தித் தேய்ப்பவர்கள் பூச்சைத்தான் கெடுக்கிறார்கள். வந்திறங்கியதும் விதி அனுமதிக்கும் இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் பதிவு, விளக்கவுரை வேலைகளை முடியுங்கள். அதற்குள் கண்ணாடி காற்றின் சூட்டுக்கு வந்துவிடும்.

திறந்த சைட், மூடிய சைட் என்ற வேறுபாடு இங்கே அழகுப் பேச்சில்லை. திறந்த வகையில் எல்இடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளி. மழைத்துளி ஒன்று எல்இடிமேல் விழுந்தால் புள்ளி சிதறிப் பூவாகும் அல்லது மறைந்தே போகும். பிற்பகலில் இடியோடு கொட்டும் நம் மழையில் கூரையில்லாத ஸ்டேஜில் (போட்டிச் சுற்றுக்களத்தில்) நின்று பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டாம். 2019 வாக்கில் ஏக்ரோ வந்தபின் மூடிய வகை பிஸ்டல் ஸ்லைடுக்கும் வந்துவிட்டது. அதில் எல்இடி உள்ளே பத்திரமாக இருக்கிறது; வெளிக் கண்ணாடியில் நீர் படிவது மட்டும் மாறாது. ஜன்னல் சற்றே குறுகும். புள்ளியைத் தேடும் நேரம் கொஞ்சம் கூடும். நம் சூழலில் அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் தீர்ப்பு. ஓப்பன் பிரிவின் பெரிய ஜன்னலை விரும்புபவர் மட்டும் திறந்த வகையோடு வாழப் பழகட்டும்.

வீட்டில் வைக்கும் முறையும் சேர்த்தே பேசவேண்டும். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். திருகுத் தலையில் முதலில் துரு பிடிப்பது அதில் கிடந்தால்தான். கேமரா லென்ஸில் பூஞ்சை படரும் இதே காற்றில் சைட்டின் கண்ணாடிக்கும் விலக்கில்லை. துப்பாக்கிப் பெட்டகத்துக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரமானியில் 50 விழுக்காட்டை ஒட்டி வைத்துக்கொண்டால் போதும்.

8. மின்கலமும் வெளிச்சமும்

பக்கத்திலோ மேலேயோ திறந்து மின்கலம் மாற்றும் சைட்டை மட்டும் வாங்குங்கள். அடியிலிருந்து மாற்றும் வகையில் ஒவ்வொரு முறையும் சைட்டைக் கழற்றிப் பூட்ட வேண்டும், சீரோவும் புதிதாகத் தொடங்கும். சிஆர்2032 மின்கலம் எந்தச் சாலையோரக் கடையிலும் கிடைக்கும். வெளிச்சத்தை மதிய வெயிலில், வெண்மேகத்துக்கு எதிரே புள்ளி தெரியும் அளவுக்கு வையுங்கள். செம்பனை நிழல் விழும் ஸ்டேஜுக்குப் போனால் இரண்டு படி இறக்குங்கள்.

9. சீரோ

சைட்டின் மையம் குழலின் மையத்துக்கு 25 மி.மீ. மேலே இருந்து, 20 மீட்டரில் சீரோ செய்தால், நேர்கோட்டுக் கணக்கில் 5 மீட்டரில் தோட்டா புள்ளிக்கு ஏறக்குறைய 19 மி.மீ. கீழே விழும். ஓப்பன் சைட் 45 மி.மீ. உயரத்தில் இருந்தால் அதே கணக்கு 34 மி.மீ. ஆகும். பக்கத்தில் உள்ள இலக்கில் பாதி மறைத்த சிறு மண்டலத்தை அடிக்கும்போது இது ஏ மண்டலத்துக்கும் தண்டப் புள்ளிக்கும் இடையிலான இடைவெளி. பல சைட்டுகளில் ஒரு கிளிக் ஒரு எம்ஓஏ; 25 மீட்டரில் 7 மி.மீ. ஆகவே 5 மீட்டரில் கண்ட விலகலைப் பார்த்து கிளிக் திருப்பத் தொடங்காதீர்கள். மணல் மூட்டையில் மணிக்கட்டைச் சாய்த்து 20 மீட்டரில் ஐந்து தோட்டா, குழுவின் நடுவைப் பார்த்து ஒரே திருத்தம், மறுபடி ஐந்து. பதினைந்துக்குள் முடியாவிட்டால் கிளிக்கை விட்டுவிட்டு, திருகுத் தலையில் போட்ட அந்த வெள்ளைக் கோட்டைப் பாருங்கள்.