கொட்டியாரத்துக் கைதி

வெருகல் ஆறு கடலோடு கலக்கும் கரையிலிருந்து வடக்கே சென்றால் கொட்டியாரக் குடாவை அடையலாம். 1659ஆம் ஆண்டில், புயலிலே பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், மரத்தைச் செப்பனிட இக்குடாவுக்கு அனுப்பப்பட்டது. மறு ஆண்டில் அதன் தலைவரையும், அவர் மைந்தர் றொபேட் நொக்ஸ் உள்ளிட்ட மாலுமிகளையும், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் சிறைப்படுத்தினர். செய்தி சொல்லக் கப்பலுக்கு அனுப்பப்பட்ட மைந்தர் அங்கேயே தங்கித் தப்பியிருக்கலாம். ஆயினும், தந்தையாரின் ஆணையை மதித்துச் சிறைக்கே மீண்டார்.

1661இல் தந்தையார் காய்ச்சலால் மாண்டார். இறைவன் தம்மைக் கைவிட்டனனோ என்று மைந்தர் கலங்கினார். அப்பொழுது முதியவர் ஒருவர் ஆங்கில வேதாகமம் ஒன்றைக் கொண்டுவந்தார். பின்னப்பட்ட தொப்பி ஒன்றே அதற்கு விலையாயிற்று! அந்நூலை இறைவன் தமக்கே அனுப்பியதாக நொக்ஸ் உணர்ந்தார். தம் உயிர் வீணாகாது என்னும் உறுதி பிறந்தது. தொப்பி பின்னியும் நெல்லைக் கடன் கொடுத்தும் வாழ்ந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681இல் வெளிவந்த அவர் நூல், இலங்கை வரலாற்றுக்கு இன்றும் ஆதாரமாகும்.

ஆயினும், நேயர்களே, விடுதலை பெற்ற அதே நொக்ஸ், பின்னர் கப்பல் தலைவராகி, மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கச் சென்றார். தம்மை மறவாத இறைவன் அவர்களையும் மறவான் என்பதை அவர் எண்ணினாரில்லை. தன் உயிரின் மதிப்பை உணர்ந்தவன் பிறருயிரையும் அவ்வாறே மதிக்கும்பொழுதன்றோ இறைவனின் அழைப்பு நிறைவுறும்?