பழுவூரிலிருந்து பொன்னேரி வரை: ஒரு விவசாயத் திட்டத்தின் கதை

"விவசாயத் தொழிலில் தலைமையும் திட்டமிடலும்" என்று ஒரு தலைப்பைக் கொடுத்து இந்த முறை கட்டுரை எழுதச் சொன்னார்கள். வகுப்பில் பாதிப் பேர் அமுல், குரியன் என்று ஆரம்பித்துவிட்டார்கள். தப்பில்லை, நல்ல உதாரணம்தான். ஆனால் கீழப்பழுவூரில் பிறந்துவிட்டு ஆனந்துக்கு ரயில் ஏறுவானேன் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே "பொன்னியின் செல்வன் பழுவேட்டரையர் ஊரா?" என்றுதான் கேட்பார்கள். ஆமாம், அதே பழுவூர்தான். கல்கி தன் கதையில் பெரிய பழுவேட்டரையரைத் தனாதிகாரியாக மட்டும் வைக்கவில்லை, தானிய பண்டாரத்தையும் அவர் கையில்தான் கொடுத்தார். கதையைப் படித்தவர்கள் நந்தினியைக் கவனித்த அளவுக்கு இதைக் கவனிப்பதில்லை! கதையை விடுங்கள். நிஜப் பழுவேட்டரையர்கள் சோழர்களுக்கு அடங்கிய சிற்றரசர்கள், பெண் கொடுத்த சொந்தக்காரர்களும்கூட. ராஜராஜனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன் மாதேவி பழுவூர்ப் பெண்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் வழியாகப் போகும் திருச்சி - சிதம்பரம் சாலையில் கிழக்கே போனால் ஜெயங்கொண்டம், அதைத் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். எல்லோரும் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் பொன்னேரியைப் பார்ப்பவர்கள் குறைவு. சோழகங்கம் என்பது அதன் பழைய பெயர். கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திரன், அந்த வெற்றிக்கு நீராலேயே ஒரு தூண் நாட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு இந்த ஏரியைச் சொல்கிறது. கல்லில் தூண் நாட்டிய ராஜாக்கள் நிறைய உண்டு. தண்ணீரில் நாட்டியது இவன்தான்.

இதில் பெருமை பேசுவதை விட எனக்கு முக்கியமாகப் படுவது இடம். தஞ்சாவூர் நல்ல நஞ்சை பூமி, தலைநகரும் அங்கேதான் இருந்தது. அதை விட்டுவிட்டுக் கொள்ளிடத்துக்கு வடக்கே, காவிரித் தண்ணீர் எட்டாத மேட்டு நிலத்துக்கு ஏன் தலைநகரை மாற்ற வேண்டும்? வடக்கே படை நடத்த வசதி என்று ஒரு காரணம் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் தலைநகரோடு சேர்த்து இவ்வளவு பெரிய ஏரியையும் வெட்டியவன், அந்த வறண்ட பூமியை விளைநிலமாக்கக் கணக்குப் போடாமலா இருந்திருப்பான்?

ஏரியின் அளவைக் கேளுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு, கரை 16 மைல் நீளம் என்கிறது. தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் நீண்ட ஒரு கால்வாய். வடக்கே வெள்ளாற்றிலிருந்து சிறிய கால்வாய் ஒன்று. இந்த இரண்டாவது கால்வாய்தான் என்னை யோசிக்க வைத்தது. கொள்ளிடத்தில் வெள்ளம் வருவது தென்மேற்குப் பருவமழையால், அதாவது ஆடி, ஆவணியில். வெள்ளாறு பெருகுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில். ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று கை கொடுக்கும். எங்கள் தாத்தாவுக்கு இருந்தது மூன்று ஏக்கர் மானாவாரி. ஐப்பசி மழை பொய்த்தால் அந்த வருஷம் அவ்வளவுதான், வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேச மாட்டார்கள். ஒரே மழையை நம்பி வாழ்வது என்னவென்று தெரிந்தவனுக்குத்தான் இரண்டு ஆறுகளின் அருமை புரியும்.

சரி, இவ்வளவு யோசித்துச் செய்த ஏரி ஏன் பாழானது? 1279-க்குப் பிறகு சோழர் ஆட்சியே இல்லை. படையெடுத்து வந்தவர்கள் கரையை உடைத்துவிட்டார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. ஏரிக்குள் காடு மண்டியது. என் கணக்கு வேறு. 60 மைல் கால்வாயை வருஷா வருஷம் தூர்வார ஒரு ராஜா வேண்டும். ராஜா போனால் கால்வாயும் போய்விடும்.

உத்திரமேரூரைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் வருடத்தவை. ஏரிக்கென்றே 6 பேர் கொண்ட ஏரி வாரியம், பதவிக்காலம் 360 நாள். குடவோலையில் பெயர் எடுப்பார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதவே கூடாது, அவன் சொந்தக்காரர்கள் பெயரையும்தான்! (இதை இன்றைக்குக் கொண்டுவந்தால் நம் ஊர்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று கேட்காதீர்கள்.) அது எல்லோருக்குமான ஜனநாயகம் இல்லை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்களின் சபை அது, உழுதவர்களுக்கு அதில் இடம் கிடையாது. ஆனாலும் ஏரியைப் பார்ப்பது இன்னார் வேலை என்று எழுதி வைத்திருந்தார்கள். பல ஊர்களில் ஏரிப் பராமரிப்புக்கென்றே ஏரிப்பட்டி என்று நிலம் விட்டிருந்தார்கள். ராஜா மாறினாலும் அந்த நிலத்தின் வருமானம் ஏரிக்குத்தான்.

கதை இதோடு முடியவில்லை. 1836-ல் ஆர்தர் காட்டன் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் கட்டினார்கள். காவிரிக்குத் தண்ணீரைத் திருப்பினால் கீழே கொள்ளிடப் பாசனம் காய்ந்துவிடுமே, அதற்குத்தான் கீழணை. நல்ல திட்டம், வீராணம் ஏரிக்கு இன்றும் அங்கிருந்துதான் வடவாறு வழியாகத் தண்ணீர் போகிறது. ஆனால் அணை கட்டக் கல் வேண்டுமே? பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருந்தது. கோயிலின் மதிலைக் கிட்டத்தட்ட முழுக்கப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று சொன்னார்களாம், கட்டவில்லை. மேலே சொன்ன அதே குறிப்பில்தான் இதுவும் இருக்கிறது. ஒரு விவசாயத் திட்டத்தின் தலைநகரைப் பிரித்து இன்னொரு விவசாயத் திட்டம்! கல் கொடுத்தது உடையார்பாளையம் சீமை, தண்ணீர் போனது பெரும்பாலும் சிதம்பரம், சீர்காழிப் பக்கம்.

பிறகு 1858-ல் குடிமராமத்து வேலைக்கு வராதவர்களைத் தண்டிக்கச் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டார்கள். ஏரியின் வருமானத்தையும் அதிகாரத்தையும் ஊரிடமிருந்து எடுத்துக்கொண்டு, மண்வெட்டியை மட்டும் ஊர் தூக்க வேண்டுமென்றால் யார் வருவார்? 2017-ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஏரிகளைத் தூர்வார ஆரம்பித்தது. 2025 ஜூலையில் சோழகங்கத்தையும் சீரமைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது.

அறிவிப்பைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். "கரையைக் கட்டிடுவாங்கப்பா. வரத்து வாய்க்கால யாரு பாக்குறது?" என்றார். கட்டுரையில் இதையும் எழுதலாமா என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.