அகிம்சையின் வேர்களும் கோயில் வாசலும்



தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் அடுத்த நிறுத்தம் சானடோரியம். அங்குள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர். அதே தடத்தில் இன்னும் சில நிறுத்தங்கள் தாண்டினால் பரங்கிமலை; 1883இல் எம்.சி. ராஜா பிறந்த ஊர். காந்தியின் அகிம்சை எதில் வேர்கொண்டது என்ற கேள்வியை இந்த இருவரையும் அருகில் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

வைணவக் குடும்பம், தாய் புத்லிபாயின் விரதங்கள், குஜராத்தின் சமணச் சூழல், ராய்சந்த்பாயின் நட்பு: இவை காந்தியை உருவாக்கின. கீதையை அவர் முதலில் படித்தது லண்டனில், ஆங்கில மொழிபெயர்ப்பில். டால்ஸ்டாயின் எழுத்து அவரை உலுக்கியது. டால்ஸ்டாய் 1908இல் எழுதிய ‘ஒரு இந்துவுக்குக் கடிதம்’ திருக்குறளையும் மேற்கோள் காட்டியது; காந்தி அதைத் தம் ‘இந்தியன் ஒப்பினியன்’ இதழில் வெளியிட்டார். ஆக, வேர்கள் பல. ஆனால் எல்லாவற்றையும் அவர் இந்து மதம் என்ற ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவந்தார். 1921இல் ‘யங் இந்தியா’வில் தம்மைச் சனாதன இந்து என்றே அறிவித்தார், வருணாசிரமத்தை நம்புவதாகவும் எழுதினார்.

கீதை போர்க்களத்தில் சொல்லப்பட்ட நூல். காந்தியோ குருக்ஷேத்திரத்தை மனித மனத்துக்குள் நடக்கும் போராட்டம் என்று வாசித்தார். துணிச்சலான வாசிப்பு. போரையே அகிம்சையாக வாசிக்க முடிந்தவர் வருணத்தை ஏன் விட முடியவில்லை? தீண்டாமையைப் பாவம் என்றார். வருணத்தைக் காப்பாற்ற அதைச் சாதியிலிருந்து பிரித்தார். 1936இல் அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ வெளிவந்தபோது, உயர்வு தாழ்வற்ற பரம்பரைத் தொழிலே வருணம் என்று ‘ஹரிஜன்’ இதழில் பதில் எழுதினார். மலம் அள்ளுபவரின் மகனுக்கு அந்தப் பதிலில் என்ன இருக்கிறது?

அவருடைய வழிமுறையும் அதே வேரிலிருந்து வந்தது. தன்னை வருத்திப் பிறர் மனத்தை உருக்குவது தவம். உண்ணாநோன்பு அதன் வடிவம். 1932 செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் தொடங்கிய நோன்பு சாதி இந்துக்களின் மனசாட்சியை நோக்கியது என்றார்கள். அதன் பாரம் விழுந்ததோ அம்பேத்கரின் தோளில். காந்தி இறந்தால் பழியும் தாக்குதலும் சேரிகள்மீதுதான் வந்திருக்கும். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. 71 இடங்கள் 148 ஆயின, தனித்தொகுதி போனது. ரெட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டனர்.

ராஜாவின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கூட்டுத் தொகுதியை அவர் முன்பே ஏற்றிருந்தார். சாதி இந்துக்களின் மனமாற்றத்தை நம்பினார். 1938இல் சென்னைச் சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். முதல்வர் ராஜாஜி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். மலபாருக்கு மட்டும் தனி மசோதா வந்தது. ராஜா பின்வாங்கவில்லை, காங்கிரஸ் உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தனர், மசோதா தோற்றது. அவர் காந்தியிடம் முறையிட்டார். ராஜாஜியை நம்பும்படி பதில் வந்தது. ஆறு ஆண்டுகளுக்குமுன் நம்பிக் கையெழுத்திட்டவருக்குக் கிடைத்த பதில் இது.

காந்தி மாறவே இல்லை என்று சொல்வது நியாயமல்ல. கடைசி ஆண்டுகளில், மணமக்களில் ஒருவர் தலித்தாக இருக்கும் திருமணங்களையே ஆசீர்வதிப்பேன் என்றார். 1939இல் மதுரை மீனாட்சி கோயில் திறந்தது. ஆனால் அதற்கும் சட்டப் பாதுகாப்பு தேவைப்பட்டது. மாகாணம் முழுமைக்குமான விரிவான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. ராஜா 1943இலேயே மறைந்துவிட்டார்.

இந்த மண்ணில் அகிம்சைக்கு வேறொரு வேரும் இருந்தது. அயோத்திதாசர் கொல்லாமையையும் அன்பையும் வேதத்தில் தேடவில்லை; பௌத்தத்தில் கண்டார். 1898இல் இலங்கையில் தீட்சை பெற்றார். 1907 முதல் ‘தமிழன்’ இதழில் குறளையும் தமிழ் மரபையும் அந்தக் கண்கொண்டு வாசித்தார். அந்த அகிம்சைக்கு வருணம் தேவைப்படவில்லை. காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து நாடு திரும்புவதற்கு முந்தைய ஆண்டு, 1914இல், பண்டிதர் காலமானார். 1956இல் அம்பேத்கர் நாகபுரியில் சென்றடைந்ததும் அதே பௌத்தத்தைத்தான்.

2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித்துகள் கோயிலுக்குள் போக முயன்றபோது அமைதிப் பேச்சுவார்த்தைகள் நடந்தன. முடிவில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். அமைதி என்ற சொல் யாருடைய கதவை மூடுகிறது என்று கவனியுங்கள். மாணவர்களே, எந்தத் தத்துவத்தின் வேரையும் மரியாதையோடு ஆராயுங்கள். கூடவே ஒன்றைக் கேளுங்கள்: அது யாரைக் காத்திருக்கச் சொல்கிறது? பரங்கிமலைக்காரர் அதைத் தம் வாழ்நாளைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்.