காற்றுவழியில் ஒரு கூரை: கட்டியவர் யார், காத்தவர் யார்?

ஒரு வீட்டின் வரலாற்றை எழுதும்போது அதைக் கட்டியவரின் பெயரையே தேடுகிறோம். ஆண்டுதோறும் அதைச் செப்பனிட்டவரைப் பற்றி எந்த ஆவணமும் பேசுவதில்லை. காற்று மிகுந்த நிலத்தில் இது சிறிய விடுபாடு அன்று. அங்கே வீடு ஒருமுறை கட்டி முடிக்கப்படுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் கட்டப்படுகிறது.

கேரளத்தின் தமிழக எல்லையில் இத்தகைய நிலங்கள் இரண்டு உள்ளன. ஒன்று, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்றும், மார்கழி, தை மாதங்களில் வறண்ட கீழ்காற்றும் இவ்வழியே பாய்கின்றன. மற்றொன்று, கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் இடுக்கியின் கிழக்கு விளிம்பு. முன்னதில் கஞ்சிக்கோட்டிலும், பின்னதில் இராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் சுழல்வதே காற்றின் வலுவுக்குப் போதிய சான்று. ஆனால் காற்றாலை வருவதற்கு நெடுங்காலம் முன்பே அக்காற்றை நாள்தோறும் அளந்தவை கூரைகளே.

காற்று கூரையைக் கீழ்நோக்கி அழுத்துவதைவிட மேல்நோக்கித் தூக்குவதே மிகுதி. விளிம்பும் முகடும் முதலில் பெயரும். இதை அறிந்தவர்கள் இறவாரத்தைத் தாழ்த்தினர். சுவரின் உயரத்தைக் குறைத்தனர். நாற்புறமும் சரிந்த கூரையை விரும்பினர். சித்தூர்ப் பகுதியின் பனையோலைக் கூரைகளில் ஆணியைவிடக் கயிற்றுக்கே வேலை அதிகம். தமிழில் ‘கட்டு’ என்னும் வினை பிணித்தலையும் வீடு எழுப்புதலையும் ஒருசேரக் குறிப்பது இங்கே நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது. ‘வேய்’ என்பது பெயராக மூங்கிலையும், வினையாகக் கூரை அமைத்தலையும் குறிப்பதும் அவ்வாறே.

இப்பணி கணவன் மனைவி இருவரின் உழைப்பு. ஓலையைக் கீழிருந்து எடுத்துக் கொடுப்பவர் ஒருவர். மேலிருந்து வேய்பவர் மற்றவர். மண்சுவரின் வெடிப்பை அடைத்தல், சாணமிட்டு மெழுகுதல், மழைச்சாரல் அரித்த திண்ணையைப் பூசுதல் ஆகியவை பெரும்பாலும் பெண்ணின் கைக்கு வந்தன. வேய்தலுக்குக் கூலி உண்டு, மெழுகுதலுக்கு இல்லை. கூலி பெறாத வேலை கணக்கில் ஏறவில்லை. கணக்கில் ஏறாதது வரலாற்றிலும் ஏறவில்லை.

இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில் இச்சிக்கல் வேறொரு வடிவம் கொள்கிறது. கங்காணிகள் வழியே தமிழகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். அவ்வரிசைக்கு ‘லயம்’ என்று பெயர். இலங்கை மலையகத்தில் இதுவே ‘லயன்’. ஆங்கில ‘லைன்’ லயன் ஆகி, நிலன்–நிலம், அறன்–அறம் என்பவற்றைப் போல ஈறு மாறி லயம் ஆனது என்று கொள்ளலாம். குதிரை கட்டும் ‘லாயம்’ என்ற சொல்லின் சாயலும் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பேசுவோர் உணராமல் இருக்க முடியாது.

லயத்துக் கூரை தகரமானால் மணல் மூட்டையும் கல்லும் ஏற்றுவது, ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் விரிப்பது, சமையலறைக்கு ஒரு சாய்ப்பு இறக்குவது ஆகியவற்றை அங்கே வாழும் இணையரே செய்துகொள்கின்றனர். ஆனால் வீடு அவர்களுடையது அன்று. பணி ஓய்வு பெற்றால், பிள்ளைகளுள் ஒருவரேனும் தோட்டப் பணியில் சேராவிடில், வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். முப்பது ஆண்டு பூசிய சுவரின் மீது அவர்களுக்கு எவ்வுரிமையும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு அளிப்பதோடு அதைப் பராமரிப்பதையும் உரிமையாளரின் கடமையாக்கியது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம், வீடு இடிந்து தொழிலாளரோ குடும்பத்தினரோ இறந்தால் இழப்பீடு தரவேண்டும் என்றது. இதற்கு விலக்குகள் இரண்டு: இடிவுக்குக் குடியிருந்தவரின் தவறு மட்டுமே காரணமாயிருத்தல், அல்லது இயற்கைச் சீற்றம் மட்டுமே காரணமாயிருத்தல். இவ்விரண்டாம் விலக்கில்தான் காற்று நுழைகிறது. பழுதுபார்க்கப்படாத கூரை ஆடிக்காற்றில் பறந்தால், காரணம் காற்றா, பராமரிப்பின்மையா? ஆண்டுதோறும் கல் ஏற்றி அக்கூரையைக் காத்தவர்களின் உழைப்பு எங்கும் பதிவாகாத நிலையில், இக்கேள்விக்கு விடை காற்றின் பக்கமே சாயும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லய வரிசைகள் மண்ணுள் புதைந்தன. 70 பேர் மாண்டனர். அந்நிலச்சரிவை எந்த மண்பூச்சும் தடுத்திருக்காது. எனினும் அவ்வீடுகளின் இருப்பிடத்தைத் தேர்ந்தவர்கள் அவற்றில் வாழ்ந்தவர்கள் அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது.

கட்டட வரலாறு என்பது கோயில், கோட்டை, பங்களா ஆகியவற்றோடு முடிவதன்று. அடுத்தமுறை மலைச்சாலையில் செல்லும்போது தகரக் கூரைமேல் அடுக்கிய கற்களைக் கண்டால் சற்று நில்லுங்கள். அக்கற்களை ஏற்றிய இருவரின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்வதே நாம் தொடங்கவேண்டிய ஆவணப்பணி.